இடையில் துளையில்லை

சாரல் மாதத்தில் நான் தரம் பார்ப்பதில்லை.
ஆரியங்காவுக் கணவாய் வழி வரும் காற்றுக்கு
முதுகில் பசையுள்ள எதைக் கண்டாலும் நாக்கு ஊறும்.
ஆடி கழியட்டும் என்று போனிலேயே சொன்னேன்.
கேட்காமல் வந்தார்கள் அக்காவும் தம்பியும்,
செங்கோட்டை ஸ்டேஷன் எதிரே
என் ஜெராக்ஸ் கடை மாடிக்கு.

கோமதிநாயகி புனலூரில் வாழ்க்கைப்பட்டவள்.
திருமலைக்குமார் இங்கேயே, அரிசி மண்டியில் கணக்கு.
அவள் நனைந்த குடையை வாசலில் விரித்து விட்டாள்.
அவன் எல்.ஐ.சி. டைரியை மேசையில் வைத்தான்.
டைரிக்குள் பட்டர் பேப்பர்,
அதற்குள்
திருவிதாங்கூர் அஞ்சல், ஒரு சக்கரம், நீலம்.
இரண்டு சங்கு, ஒட்டியபடி.

'ஆளுக்கு ஒண்ணுன்னு பேசியாச்சு மைமூனக்கா.
எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க,
அது அக்காளுக்கு.'
'நல்லது அவனுக்கே இருக்கட்டும்'
என்றாள் அவள் ஜன்னலைப் பார்த்து.
இப்படி விட்டுக்கொடுப்பவர்களிடம்
நான் கொஞ்சம் தள்ளியே உட்காருவேன்.

இடுக்கியை எடுத்தேன்.
கேரளத்துக்கு அது மாவட்டம், எனக்கு விரல்.
இடப்பக்கச் சங்கு சட்டத்துக்குள்
ஒரு மயிரிழை மேற்கே சாய்ந்திருந்தது,
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தவன் போல.
வெயில் படாத நீலம். முத்திரை விழாத முகம்.
திருப்பினேன்.
யாரோ ஆல்பத்தில் ஒட்டியெடுத்த தடம் கடுகளவு;
மன்னிக்கலாம்.
வலது மூலையில் தேமல்போல ஒரு துரு;
அதையும் மன்னிக்கலாம், நூறு வருஷம் ஆகியிருக்கிறது.
கறுப்புக் கிண்ணத்தில் பென்சீன் இரண்டு சொட்டு.
காகிதத்துக்குள்ளிருந்து
இன்னொரு சங்கு எழுந்து வந்து
என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

சுற்றிலும் பல் ஒன்றுகூடக் குறையவில்லை.
நடுவில்தான் பல்லே இல்லை.
துளை விழவேண்டிய இடத்தில் வெறும் தாள்.
பொறி ஓர் அடி தப்பிய ஏதோ ஒரு பகல்.
ஓட்டியவனுக்குத் தூக்கமோ, சாப்பாட்டு மணியோ.

'விலையே இந்த இல்லாததுக்குத்தான்' என்றேன்.
'சேர்ந்திருந்தால் நாற்பதாயிரம் போகும்.
வெட்டினால் தலைக்கு முப்பது ரூபாய்,
அதுவும் தெரிந்தவர்கள் என்பதால்.'

கீழே யாரோ ஆதார் நகல் இரண்டு கேட்டார்கள்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
மேல் விளிம்பில், நட்டநடுவே,
கத்தரிக்கோல் கடித்த ஒரு கடி.
இரண்டு மில்லிமீட்டர்தான்.
பழைய வெட்டென்றால் உள்ளே புகை ஏறியிருக்கும்,
ஓரம் தேய்ந்து டீ நிறத்தில் அடங்கியிருக்கும்.
இது அவித்து உரித்த பனங்கிழங்கு,
நார் இன்னும் படுக்கவில்லை.
நேற்று. மிஞ்சிப்போனால் முந்தாநாள்.
தொடங்கிய கை
பயத்திலோ மனசு வராமலோ நின்றிருக்கிறது.
அதற்கு லென்ஸ் கிடையாது.

தலை நிமிராமல் கேட்டேன்,
'டைரி யார் வீட்டில் இருந்தது?'
'எங்க வீட்லதான்'
என்றார்கள்
இரண்டு பேரும் ஒரே மூச்சில்.

தரச் சீட்டில் காரணத்துக்குக் கட்டமில்லை,
குறைக்கு மட்டும் உண்டு.
'மேல் விளிம்பில் வெட்டு, அண்மைக் காலத்தது'
என்று எழுதி,
கடைசி இரண்டு சொல்லை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோய்
அடிக்கவில்லை.
எனக்குக் கண்தான் சோறு.
நாற்பது இருபத்திரண்டானது.

அவள் வாசித்து அவனிடம் கொடுத்தாள்.
அவன் வாசித்து என்னிடமே கொடுத்தான்.
டைரியை யாரும் எடுக்கவில்லை.
கொல்லம் வண்டி கூவிவிட்டுப் புறப்பட்டது;
அவள் போகவேண்டிய வண்டி அது.

'மழை நிக்கிறவரை இங்கேயே இருக்கட்டுமே'
என்றது யார் என்று கவனிக்கவில்லை.
'இரும்புப் பெட்டி இருக்கிறது, ஈரம் ஏறாது.
மாத வாடகை ஐம்பது' என்றேன்.

ஆளுக்கு இருபத்தைந்து.
அதை மட்டும்
சில்லறை மாற்றி
சரிபாதியாக எண்ணி வைத்தார்கள்.